பெரியத்தாவின் பதிவேடும் என் பழைய கேமராக்களும்



எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருகிறவர்கள், கூடத்தில் இருக்கும் கண்ணாடி அலமாரியின் முன் சற்றுத் தயங்கி நிற்பார்கள். மேல் தட்டுகளில் கிதாபுகள் இருக்கின்றன. கீழ்த்தட்டில் 11 பழைய கேமராக்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிற மனிதரின் வீட்டில் இவை எதற்கு என்ற கேள்வி அவர்கள் முகத்தில் தெரியும். சிலர் மரியாதை கருதிக் கேட்காமல் விட்டுவிடுவார்கள். துணிந்தவர்கள், "ஹஜ்ரத், இதெல்லாம் இன்னும் வேலை செய்யுதா?" என்று பக்கவாட்டில் தொடங்குவார்கள்.

"செய்யும்" என்று ஒற்றைச் சொல்லில் இதுவரை பதில் சொல்லி வந்திருக்கிறேன். முழுமையான பதில் நீளமானது. அதில் எனக்குப் பெருமை தராத பகுதி ஒன்றும் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன். அதனால்தான் இக்கட்டுரை.

பெரியத்தாவின் ஸ்டூடியோ

திண்டுக்கல்லை அடுத்த எங்கள் சிற்றூரின் கடைவீதியில், என் அத்தாவின் மூத்த சகோதரர் 1974இல் ஒரு போட்டோ ஸ்டூடியோ திறந்தார். முன்பக்கம் எட்டடி அகலத்தில் படம் எடுக்கும் அறை. பின்பக்கம், கதவிடுக்கெல்லாம் கறுப்புத் துணி அடைத்த இருட்டறை. இருட்டறையில் ஒரு சிவப்பு விளக்கும், மூன்று தட்டுகளும், ஓர் என்லார்ஜரும் இருந்தன. உள்ளே நுழைந்தாலே ஹைப்போவின் புளித்த வாடை மூக்கில் ஏறும். இன்றும் எங்கேனும் வினிகர் வாடை வந்தால் எனக்குப் பெரியத்தாவின் நினைவுதான் முதலில் வரும்.

அவரிடம் இருந்தது யாஷிகா மேட் 124ஜி என்னும் ஜப்பானியக் கேமரா. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள். மேலுள்ளது பார்ப்பதற்கு, கீழுள்ளது படம் பிடிப்பதற்கு. கேமராவை மார்புக்குக் கீழே தாங்கிப் பிடித்து, தலை குனிந்து, மேலே இருக்கும் தேய்த்த கண்ணாடியில் எதிரே இருப்பவரைப் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். எதிரே இருக்கும் பிள்ளை வலப்பக்கம் சாய்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் சாய்வான். புதிதாகப் பழகுகிறவர்களைத் திணறடிக்கும் இந்த மாறாட்டம், பெரியத்தாவுக்கு மூச்சு விடுவதுபோல் இயல்பாகியிருந்தது.

ஒரு ரோலில் 12 படங்கள். கேமராவின் பிலிம் வெளியூரிலிருந்து வந்தாலும், பிரிண்ட் போடும் தாள் பெரும்பாலும் நம் ஊட்டியிலிருந்து வந்தது. 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் தயாரித்தது. தூசியும் வெப்பமும் குறைந்த மலைக்காற்று இத்தொழிலுக்கு ஏற்றது என்று பெரியத்தா விளக்குவார். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. அதன் பெயர் அச்சிட்ட காலி அட்டைப்பெட்டி ஒன்றை மட்டும் நான் வைத்திருக்கிறேன். அதற்குள் நூல்கண்டும் ஊசியும் இருக்கின்றன.

ஊரில் அவருடைய தொழிலைப் பற்றி இரண்டு மனம் இருந்தது. உருவப்படம் கூடாது என்று கருதிய பெரியவர்கள் அவருடைய கடைப்படி ஏறமாட்டார்கள். ஆனால் வளைகுடாவுக்குப் போக வேண்டுமென்றாலோ, ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றாலோ, பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். அப்போது அதே பெரியவர்கள் அஸர் தொழுதுவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தபடி வந்து அந்த மர நாற்காலியில் அமர்வார்கள். பெரியத்தா ஒருபோதும் அவர்களைக் குத்திப் பேசியதில்லை. தாடியைச் சீவ ஒரு சீப்பை எடுத்துக் கொடுப்பார். அம்மைத் தழும்பு உள்ளவர் என்றால், நெகட்டிவைக் கண்ணாடிமீது வைத்துக் கூர்சீவிய பென்சிலால் அந்த இடங்களை மெதுவாக நிரப்புவார். பிரிண்டில் தழும்பு மங்கிவிடும். அதற்குத் தனிக் காசு கிடையாது.

ஒவ்வொரு நெகட்டிவையும் வெண்ணெய்த்தாள் உறையில் இட்டு, எண் எழுதி, பெட்டியில் அடுக்குவார். அதே எண்ணை நீளமான பதிவேட்டில் பெயர், தேதி, எத்தனை பிரதி, எவ்வளவு பாக்கி என்ற விவரங்களோடு எழுதி வைப்பார். 28 ஆண்டுகளில் அந்த எண் 31,418 வரை போயிற்று.

நான் சொன்ன சொல்

2002ஆம் ஆண்டு நான் இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் முடித்து ஊர் திரும்பினேன். எனக்கு வயது 23. கற்றது கொஞ்சம், கற்றுவிட்டோம் என்ற நினைப்பு நிறைய. ஒருநாள் மக்ரிபுக்குப் பின் ஸ்டூடியோவுக்குச் சென்றேன். பெரியத்தா அன்றைய பிரிண்ட்களை ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். உருவப்படம் பற்றி நான் படித்திருந்த கடுமையான கருத்துகளை எல்லாம் அவர் முன் வரிசையாக வைத்தேன். மாற்றுக் கருத்துகளும் உண்டு என்பதை நான் அறிந்திருந்தேன், அவற்றைச் சொல்லவில்லை. "இத்தனை முகத்தையும் பெட்டி பெட்டியா அடுக்கி வெச்சிருக்கீங்களே பெரியத்தா, நாளைக்கு என்ன பதில் சொல்வீங்க?" என்று கேட்டேன். தந்தையின் இடத்தில் இருந்து எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவரிடம், பட்டயப் படிப்பு முடித்த மூன்றாவது வாரத்தில் நான் கேட்ட கேள்வி இது.

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "படிச்ச பிள்ளை சொல்றே. யோசிக்கிறேன்ப்பா" என்றார்.

ஆறு மாதத்தில் ஸ்டூடியோவை மூடினார். நியாயமாகச் சொல்வதானால், அந்தத் தொழில் அப்போதே தேயத் தொடங்கியிருந்தது. வண்ணப்பட லேப்கள் நகரத்தில் பெருகிவிட்டன. டிஜிட்டல் கேமராவும் வந்துகொண்டிருந்தது. நான் சொல்லாவிட்டாலும் சில ஆண்டுகளில் கடையை மூடியிருப்பார். ஆனால் நெகட்டிவ்கள் போனதற்கு வேறு யாரையும் நான் காரணம் காட்ட முடியாது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமாக நிற்பது வெள்ளித் துகள். அந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பழைய எக்ஸ்ரே பிலிமையும் நெகட்டிவையும் எடைக்கு வாங்கும் வியாபாரிகள் உண்டு. அப்படி ஒருவர் வந்தார். உறைகளை நீக்கியபின் 17 கிலோ. தராசில் வைத்தபோது நானும் அருகில் நின்றேன். ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டதாக எண்ணி மகிழ்ச்சியோடு நின்றேன். வந்த பணத்தை ஏழைப் பெண் ஒருத்தியின் திருமணத்துக்குக் கொடுக்கும்படி யோசனையும் சொன்னேன். பெரியத்தா அவ்வாறே செய்தார்.

16,207

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 2009இல் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு, முக்காடிட்ட ஓர் அம்மையார் பெரியத்தாவின் வீட்டைத் தேடி வந்தார். நானும் அப்போது அங்கிருந்தேன். அவருடைய கணவர் 1991இல் நோய்வாய்ப்பட்டு வஃபாத்தானவர். சவூதியில் இரண்டரை ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர்கள் குடியிருந்த கூரைவீடு 1996இல் தீப்பிடித்தபோது, பாஸ்போர்ட்டும் ஒன்றிரண்டு படங்களும் சேர்ந்து எரிந்துவிட்டன. நிக்காஹ்வில் படம் எடுக்கும் வழக்கம் அன்று எங்கள் ஊரில் இல்லை. மகனுக்கு 21 வயது. தந்தை இறக்கும்போது மூன்று வயது, முகம் நினைவில்லை.

"பாஸ்போர்ட்டுக்கு உங்ககிட்டதான் அண்ணே படம் எடுத்தாரு. பிள்ளை கேக்குறான். ஒரே ஒரு காப்பி போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார் அந்த அம்மையார்.

பெரியத்தா எழுந்து உள்ளே சென்று பதிவேட்டை எடுத்து வந்தார். அது அவரிடம் இருந்தது. பக்கங்களைப் புரட்டி, 1988ஆம் ஆண்டுக்கு வந்து, விரலை வைத்தார். எண் 16,207. கணவரின் பெயர். பாஸ்போர்ட், எட்டுப் பிரதி. பாக்கி இல்லை.

அந்த அம்மையாரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எண் இருக்கிறது என்றால் படமும் இருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். பெரியத்தா சற்று நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "நெகட்டிவ் எங்கிட்ட இல்லாமப் போச்சும்மா. நான் பத்திரமா வெச்சிருக்கணும். என்னை மன்னிச்சுக்க" என்றார்.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. 'இவன் சொல்லித்தான்' என்று ஒரு சொல் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த அம்மையார் பதிவேட்டில் தம் கணவரின் பெயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சலாம் சொல்லிப் புறப்பட்டார்.

மீண்டும் படித்தது

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பின்வந்த மாதங்களில், நான் முன்பு வேண்டுமென்றே தாண்டிச் சென்ற பக்கங்களைத் தேடிப் படித்தேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முத்தீஈ அவர்கள், புகைப்படத்தை அனுமதித்துத் தனி நூலே எழுதியிருக்கிறார். ஒளியின் வழியே விழும் நிழலைத் தடுத்து நிறுத்துவது வேறு, கையால் ஓர் உருவத்தைப் படைப்பது வேறு என்பது அவருடைய வாதத்தின் சாரம். நம் துணைக்கண்டத்து உலமாக்களில் பலர் இதை ஏற்கவில்லை. தேவையின் நிமித்தம் மட்டும் அனுமதித்தார்கள். அவர்களுக்கும் ஆதாரங்களும் அக்கறையும் உண்டு. 1861இல் மதீனாவையும், 1880இல் மக்காவையும் முதன்முதலாகப் படம் பிடித்தவர் முஹம்மத் ஸாதிக் பே என்னும் எகிப்திய ராணுவப் பொறியாளர் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. ஈரம் காயுமுன் படம் எடுத்துக் கழுவியாக வேண்டிய கண்ணாடித் தகடுகளை அந்தப் பாலைவெயிலில் சுமந்து சென்றிருக்கிறார்.

இங்கே தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. உங்கள் மனம் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இன்றும் சுவரில் உருவப்படம் மாட்டுவதில்லை. என் தவறு எந்தக் கருத்தைப் பின்பற்றினேன் என்பதில் இல்லை. அறிஞர்கள் கருத்து வேறுபட்டு நின்ற ஓரிடத்தில், ஒரு பாதியை மட்டும் மூத்தவர் ஒருவரின் முன் வைத்து, அவருடைய 28 ஆண்டு உழைப்பைத் தராசில் ஏற்றியதில் இருக்கிறது.

இருட்டறைப் பாடம்

2010ஆம் ஆண்டு ஒரு விடுமுறை நாளில் பெரியத்தாவிடம் சென்று, "எனக்குப் பிலிம் கழுவக் கத்துக் குடுங்க" என்று கேட்டேன். மன்னிப்பைக் கேட்கத் துணிவில்லாதவனின் குறுக்குவழி அது. அவருக்கு அது புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மறுபேச்சில்லாமல் பரண்மேலிருந்து தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். பழைய லுங்கியில் சுற்றி, யாஷிகா மேட் உள்ளே இருந்தது. கூடவே, பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3. வெயிலா, மேகமா என்று தள்ளிவைக்க ஒரு சிறு நெம்புகோலைத் தவிர அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் கேமரா அதுதான்.

முதல் பாடம், பிலிமைச் சுருள்சட்டத்தில் ஏற்றுவது. முழு இருட்டில் விரலால் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. வீணான ரோல் ஒன்றைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு 40 முறை ஏற்றி இறக்கச் சொன்னார். அவசரப்பட்டால் பிலிம் மடங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் மருந்து படாது, படமும் வராது. இரண்டாவது பாடம், வெயிலைக் கொண்டு அளவு வைப்பது. நல்ல வெயிலில் லென்ஸ் துளையை 16இல் வைத்து, பிலிமின் வேக எண்ணையே ஷட்டர் வேகத்துக்கும் வைக்க வேண்டும். 400 வேகப் பிலிம் என்றால் நொடியில் 400இல் ஒரு பங்கு. கேமராவில் அதற்கு நெருக்கமாக இருக்கும் 500ஐ வைத்தால் போதும். நிழலுக்குப் போனால் துளையைப் படிப்படியாகத் திறக்க வேண்டும். மீட்டர் பழுதானாலும் வெயில் பழுதாகாது என்பார்.

மூன்றாவது பாடம், கழுவுதல். டெவலப்பர் மருந்து 20 டிகிரி வெப்பத்தில் இருப்பது நல்லது. திண்டுக்கல் பக்கத்தில் சித்திரை மாதத்துக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆகவே ஒரு பெரிய பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்டு, அதன் நடுவே மருந்துப் போத்தலை நிற்க வைப்போம். டெவலப்பர் ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கறுக்க வைக்கும். ஒளி படாத உப்பை ஹைப்போ கரைத்து நீக்கிவிடும். அதன்பின் நீரில் நன்றாக அலச வேண்டும். இந்த அலசலில் சோம்பல்பட்டால், இன்று அழகாகத் தெரியும் படம் சில ஆண்டுகளில் மஞ்சள் பூத்துப் போகும். "செஞ்சது நிக்கணும்னா கடைசித் தண்ணி வரைக்கும் பொறுமை வேணும்" என்று அவர் சொன்னதை, பிலிமைப் பற்றி மட்டும் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு ஆண்டுகள் அவரிடம் கற்றேன். 2016இல் பெரியத்தா வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய கபரை விசாலமாக்குவானாக. வாய் திறந்து மன்னிப்புக் கேட்டேனா என்றால், ஒருமுறை கேட்டேன். ஈரமான பிலிமைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தவர், "அத விடு, இத தரையில படாமப் பிடி" என்றார்.

சேகரித்தல்

அவருடைய இரண்டு கேமராக்களோடு தொடங்கியது இப்போது 11 ஆகியிருக்கிறது. மதுரையில் பழைய பொருள் கடை ஒன்றில் ரஷ்யாவின் ஜெனிட்-இ கிடைத்தது. கல்லைப் போன்ற கனம். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் பென்டாக்ஸ் கே1000 ஒன்றைக் கொடுத்தார். 1976 முதல் இருபது ஆண்டுகளுக்குமேல் தயாரிக்கப்பட்ட இந்தக் கேமராவில் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் இயங்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

என் மனத்துக்கு நெருக்கமானது ஒலிம்பஸ் டிரிப் 35. 1967இல் வெளிவந்தது. இதற்குப் பேட்டரியே தேவையில்லை. லென்ஸைச் சுற்றி வளையமாக இருக்கும் செலினியம் கலம், விழுகிற வெளிச்சத்திலிருந்தே மீட்டருக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறுகிறது. வெளிச்சம் போதாவிட்டால், நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் ஷட்டர் திறக்காது. பார்க்கும் துளையில் ஒரு சிவப்புக் கொடி எழுந்து தடுக்கும். 23 வயதில் எனக்குள்ளும் அப்படியொரு கொடி எழுந்திருக்கக் கூடாதா என்று அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பழைய கேமரா வாங்க விரும்பும் சகோதரர்களுக்குச் சில சொற்கள். பின்கதவைத் திறந்து, ஷட்டரைத் திறந்த நிலையில் வைத்து, லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலைபோல் இழை தெரிந்தால் அது பூஞ்சணம். நம் ஊர் ஈரக்காற்றில் தோல் உறைக்குள் மூடிவைத்த லென்ஸ்களுக்கு இது எளிதில் வரும். உறையை நீக்கிக் காற்றாட வையுங்கள். மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஷட்டரை ஒரு நொடி வேகத்தில் அழுத்திக் காதால் கேளுங்கள். இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. பின்கதவின் ஓரத்துக் கறுப்பு ஸ்பாஞ்சு விரலில் பிசுபிசுத்து ஒட்டினால் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் கசிந்து பிலிமில் கோடு விழும். பேட்டரி அறையில் பச்சைத் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். அக்காலப் பாதரசப் பேட்டரிகள் இப்போது தயாரிப்பில் இல்லை. ஆகவே யாஷிகா மேட் போன்றவற்றின் மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம்.

ஜெனிட்டில் நான் எடுத்த முதல் ரோல் முழுவதும் வெற்றுப் பிலிமாகவே வெளிவந்தது. பிலிமின் நுனி சுருட்டும் தண்டில் மாட்டிக்கொள்ளவே இல்லை. 36 முறை காற்றைத்தான் சுருட்டியிருக்கிறேன். அடுத்த படத்துக்கு நெம்பும்போது இடப்பக்கத்துக் குமிழும் சேர்ந்து சுழல்கிறதா என்று பார்த்திருந்தால் இந்த இழப்பு இல்லை.

செலவைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். 36 படங்கள் உள்ள கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று இன்று ஆயிரம் ரூபாயை நெருங்குகிறது. மதரஸா ஆசிரியரின் வருமானம் நீங்கள் அறிந்ததே. ஆறாவது கேமரா வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கோபப்படாமல் ஒரு கேள்வி கேட்டார்: "என்னங்க, இது எடுக்குறதுக்கா, அடுக்குறதுக்கா?" வீண்விரயம் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது. அன்று முதல் மூன்று ஒழுங்குகள். மாதம் ஒரு ரோலுக்கு மேல் இல்லை. ஆண்டுக்கு ஒரு கேமராவுக்கு மேல் வாங்குவதில்லை. ஓராண்டு முழுவதும் ஒரு ரோல்கூட ஏற்றப்படாத கேமரா, பயன்படுத்துகிற வேறொருவருக்குப் போய்விட வேண்டும். அப்படி மூன்று கேமராக்கள் இளைஞர்களிடம் போயிருக்கின்றன.

வேப்பமரத்தடி வளையங்கள்

2019 டிசம்பர் 26 அன்று காலை வளைய சூரிய கிரகணம். அதன் பாதையில் திண்டுக்கல்லும் இருந்தது. பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை முடிந்து, ஒன்பதரை மணியளவில் வெளியே வந்தோம். மேலே பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். "கீழே பாருங்க" என்றேன். முற்றத்து வேப்பமர நிழலில், இலையிடுக்குகள் வழியே விழுந்த ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரு வளையமாக இருந்தது. மண்ணிலும், படிக்கட்டிலும், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளிலும் நூற்றுக்கணக்கான வளையங்கள். ஒரு சிறுவன் தன் கையை நீட்டி, உள்ளங்கையில் விழுந்த வளையத்தை மூடிப் பிடிக்கப் பார்த்தான்.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் அவர்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரகணத்தின் உருவம் பற்றித் தனியே ஒரு சிறுநூல் எழுதியவர். சிறு துளை வழியே விழும் ஒளி ஏன் பிறைவடிவம் கொள்கிறது, துளை பெரிதானால் அந்தப் பிறை ஏன் மறைகிறது என்று ஆராய்ந்தார். ஒளி நேர்கோட்டில் செல்வதை இருட்டறையில் சோதித்துக் காட்டினார். அலமாரியில் இருக்கும் 11 கேமராக்களும் அந்த இருட்டறையின் வழித்தோன்றல்கள்தாம். அதை அன்று மரத்தடியிலேயே பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெரியத்தாவின் யாஷிகாவைத் தரையை நோக்கிப் பிடித்து, மண்ணில் விழுந்த வளையங்களை எடுத்தேன். நாங்கள் கழுவிய நெகட்டிவில் ஒளி வளையங்கள் கறுப்பாகத் தெரிந்ததைக் கண்டு பிள்ளைகள் வியந்தார்கள்.

இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, மூத்த வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு படம் எடுக்க வாய்ப்புத் தருகிறேன். ஒன்றுதான், அழிக்க முடியாது, உடனே பார்க்கவும் முடியாது. கையில் போன் கிடைத்தால் நிமிடத்துக்கு இருபது படம் எடுக்கிற பிள்ளை, அந்த ஒரு படத்துக்காக அரைநாள் ஊரைச் சுற்றி வருகிறான். ஒருவன் பள்ளிவாசல் ஹவுளின் நீரை எடுத்தான். ஒருவன் தன் பாட்டியின் கைகளை, முகத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும், எடுத்து வந்தான்.

31,419

பெரியத்தாவின் பதிவேடு இப்போது என்னிடம் இருக்கிறது. விரும்பிக் கேட்கும் முதியவர்களை நான் படம் எடுத்து, ஒரு பிரதி அவர்களுக்குக் கொடுத்து, நெகட்டிவை உறையிலிட்டு எண் எழுதி வைக்கிறேன். எண்ணைப் புதிதாகத் தொடங்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து, 31,419 என்று எழுதித் தொடர்ந்தேன்.

சென்ற ஆண்டு, அந்த அம்மையாரின் மகனைத் தேடிச் சென்றேன். இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். தாயார் இப்போது இல்லை. பட்டறை வாசலில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க ஹஜ்ரத்" என்றார். 2002இல் நான் பெரியத்தாவிடம் பேசியதையும், தராசின் அருகே நின்றதையும், 2009இல் அவருடைய அம்மா வந்தபோது வாய் மூடி இருந்ததையும் சொன்னேன். "உங்க அத்தா முகம் உங்களுக்குக் கிடைக்காமப் போனதுக்கு நான்தான் காரணம்" என்றேன்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "அது பெருசுதான் ஹஜ்ரத். சின்னதுன்னு சொல்ல மாட்டேன்" என்றார். சற்றுக் கழித்து, "அம்மா என் நெத்தியத் தடவி, உங்க அத்தா நெத்தி அப்படியேன்னு சொல்லும். அது போதும்னு இருந்துட்டேன்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜுமுஆ முடிந்து, தம் நான்கு வயது மகனோடு வீட்டுக்கு வந்தார். "எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்க" என்றார். தலை குனிந்து, யாஷிகாவின் தேய்த்த கண்ணாடியில் இருவரையும் பார்த்தேன். இடம் வலம் மாறித் தெரிந்தாலும் அந்த இரண்டு நெற்றிகளும் ஒன்றுபோல் இருந்தன. மூச்சைப் பிடித்து அழுத்தினேன். கடைசித் தண்ணீர் வரைக்கும் பொறுமையாக அலசினேன்.

எண் 31,602. தந்தையும் மகனும். இரண்டு பிரதி. பாக்கி என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.

அறிவைத் தரும்போது பணிவையும் சேர்த்துத் தர அல்லாஹ் போதுமானவன். நம் சொல்லால் பிறர் இழந்தவற்றை அவனே ஈடுசெய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.